ஒரே விமானம், பல விலை



சென்ற மாதம் என் அக்கா காலமானபோது, டெல்லியிலிருந்து வந்த தம்பி மகன் பக்கத்து இருக்கைக்காரரைவிட மூன்று மடங்கு கொடுத்து வந்தான். "இது என்ன நியாயம், பெரியப்பா?" என்றான்.

1953-ல் விமான நிறுவனங்கள் அரசுடைமையாயின. உள்நாட்டில் இந்தியன் ஏர்லைன்ஸ்தான், விலையில் போட்டியில்லை. ஆனால் வாத்தியார் குடும்பங்கள் மீனம்பாக்கம் போனது யாரையாவது வழியனுப்பத்தான். 1994-ல் அந்தச் சட்டம் நீங்கித் தனியாருக்கு வழி திறந்தது. 2003-ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்தது. பிறகு சில இருக்கைகளை ஒரு ரூபாய்க்கே விற்றது.

அந்த 'சில'வில்தான் கணக்கு இருக்கிறது. 1978-ல் கட்டணக் கட்டுப்பாடு நீங்கிய அமெரிக்காவில் வளர்ந்த முறை இது. இருக்கைகளை விலைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எழுத்து கொடுப்பார்கள். மலிவான பிரிவு தீர்ந்தால் அடுத்தது. கடைசி நேரத்தில் வருபவர் எவ்வளவானாலும் கொடுப்பார் என்று, விலை கூடிய இருக்கைகளை அவருக்காகவே வைத்திருப்பார்கள்.

அரசு தலையிடவே முடியாதா? கொரோனாவில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை, கட்டணத்துக்கு மேல் வரம்பும் கீழ் வரம்பும் வைத்ததே!

அந்தக் காலத்தில் ஒரே விலை, ஏறியவர் சிலர். இன்று பலர் ஏறுகிறோம். துக்கத்தில் வருபவர் அதிகம் கொடுக்கிறார்.

கல்யாணத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள். சாவு சொல்லிக்கொண்டு வராது. அதற்கு விலை பார்க்காமல் வாருங்கள். குறைவதைப் பெரியவர்கள் பகிர்ந்துகொள்வோம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்