அயல்மண்ணில் ஒரு கவிஞர் குடும்பம்

ஒத்தக்கடையில் யானைமலையின் நிழலை விட்டுக் கிழக்கே பிரியும் சாலை, திருமோகூரைக் கடந்து திருவாதவூருக்குச் செல்கிறது. திருவாதவூர் என்றதும் மணிவாசகப் பெருமானின் நினைவே நம் நெஞ்சில் முதலில் எழும். சங்கப் புலவர் கபிலரும் அவ்வூரினரே என்று சொல்லும் மரபும் உண்டு. மூவேந்தரின் முற்றுகையில் பாரி மாண்டபின், அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு நாடு நாடாகச் சென்றவர் கபிலர். விச்சிக்கோன் ஏற்கவில்லை, இருங்கோவேளும் ஏற்கவில்லை. அந்த மன்னர்களை நோக்கிக் கபிலர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. இறுதியில் அம்மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டுப் பெண்ணையாற்றங்கரையில் அவர் உயிர் துறந்தார் என்பது வரலாறு. பெண்மக்களுடன் அயல்நாடு புகுந்த புலவனுக்கு அரண்மனைகள் கதவடைத்த செய்தியை நம் இலக்கியம் அன்றே பதிந்துவைத்திருக்கிறது.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு புலவர், பெண்மக்கள் இருவருடன் அயல்நாட்டில் வாழ நேர்ந்தது. அவரும் மதுரைக்கு உறவுடையவரே. 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தவர். அதே ஆண்டில் மதுரையிலிருந்து வெளிவந்த 'விவேகபாநு' இதழில் 'தனிமை இரக்கம்' என்னும் பாடலை வெளியிட்டவர். சுப்பிரமணிய பாரதியின் புதுவை வாழ்வைக் கவிதை நோக்கிலும் அரசியல் நோக்கிலும் அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். ஒரு குடும்பத்தின் புலம்பெயர் வாழ்வு என்ற நோக்கில், அக்குடும்பத்தைத் தாங்கிய உள்ளூர் மக்களை முன்னிறுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1908ஆம் ஆண்டில் சென்னையில் 'இந்தியா' வார இதழின் மீது அரசின் கை விழுந்தது. சட்டப்படி ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்தவர் கைதானார். பாரதி புதுவைக்குச் சென்றார். இன்று ஒரு பேருந்துப் பயணத்தில் முடிந்துவிடும் அத்தொலைவு அன்று ஓர் எல்லைக்கோட்டைத் தாண்டுவதாக இருந்தது. புதுவை பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்த மண். அங்கே சட்டம் வேறு, நீதிமன்றம் வேறு, கொடியும் வேறு. பேசும் மொழி ஒன்றாக இருந்தும் அங்கே அவர் அந்நியரே. 1904இல் பிறந்த தங்கம்மாள், 1908இல் பிறந்த சகுந்தலா ஆகிய குழந்தைகளோடு செல்லம்மாள் அங்கே குடித்தனம் நடத்தினார். புதுவையிலிருந்து மீண்டும் வெளிவந்த 'இந்தியா' 1910இல் நின்றது. பிரிட்டிஷ் இந்தியாவில் அவ்விதழுக்கு விதித்த தடை அதன் வருவாயை அறுத்துவிட்டது. அதன்பின் அக்குடும்பத்திற்கு நிலையான வருமானம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. தெருவில் பிரிட்டிஷ் ஒற்றர்களின் நடமாட்டம் மட்டும் குறையவில்லை.

ஒற்றர்களின் கண்காணிப்பில் உள்ள ஒருவருக்கு உதவுவது எளிய செயலன்று. பாரதிக்கு முதலில் இடந்தந்த அன்பரே காவலரின் மிரட்டலுக்கு அஞ்சி அவரை வேறிடம் பார்த்துக்கொள்ளுமாறு வேண்டும் நிலை ஏற்பட்டது. குடும்பஸ்தரான அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவ்வேளையில் துணைநின்றவர் குவளைக் கண்ணன் என்று பாரதி அன்புடன் அழைத்த குவளையூர்க் கிருஷ்ணமாச்சாரியார். அவர் பாரதியைச் சுந்தரேசய்யரிடம் அழைத்துச் சென்றார். தங்க இடம் அமைந்தது. பதவியும் செல்வமும் இல்லாத இந்தக் கண்ணனின் பெயரைத் தம் 'பாரதி அறுபத்தாறு' நூலில் பாரதி நிலைபெறச் செய்தார். 1921இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை பாரதியைத் தள்ளியபோது அதன் காலடியில் பாய்ந்து அவரை மீட்டவரும் இவரே. புதுவையில் தொடங்கிய உதவி சென்னை வரை தொடர்ந்தது.

ஈசுவரன் தர்மராசா கோயில் தெருவில் பாரதி குடியிருந்த வீட்டின் உரிமையாளர் 'விளக்கெண்ணெய்ச் செட்டியார்'. பெயரைச் சூட்டியவர் பாரதி. வாடகை பாக்கி மாதக்கணக்கில் சேர்ந்திருக்கும். செட்டியார் வருவார், ஒரு பக்கம் நிற்பார், பாரதி பாடிக்கொண்டிருப்பதைக் கேட்பார், வாடகையைப் பற்றி வாய் திறவாமல் போய்விடுவார். வ.ரா. தம் 'மகாகவி பாரதியார்' நூலில் இதைச் சுவைபடச் சொல்கிறார். படிப்பவர் இதைப் பாட்டின் வெற்றியாகக் கொள்வது இயல்பு. அதே நிகழ்ச்சியைச் செல்லம்மாளின் இடத்தில் நின்று காண வேண்டும். வீட்டுக்காரர் பேசாமல் திரும்பிச் சென்ற ஒவ்வொரு நாளும், இரண்டு பெண்குழந்தைகளுக்கு மேலே ஒரு கூரை இருந்த நாள். 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகம் 1912இல் வெளிவந்ததற்கும் 'கண்ணன் பாட்டு' உருப்பெற்றதற்கும், பாட்டுடன் கூரையும் வேண்டியிருந்தது.

முத்தியாலுப்பேட்டைக் கிருஷ்ணசாமிச் செட்டியார் மற்றொருவர். குள்ளமான, தடித்த அவ்விளைஞருக்குப் பாரதி இட்ட செல்லப்பெயர் 'வெல்லச்சு'. அவருடைய தோப்பே 'குயில் பாட்டு' பிறந்த சோலை என்பர். பாரதி வீட்டில் வேலை செய்த அம்மாக்கண்ணுவையும் இங்கே நினைத்தல் தகும். வறுமைப்பட்ட வீட்டில் வேலைக்காரி நிலைத்து நிற்பது அவள் அவ்வீட்டுக்குச் செய்யும் கொடை.

1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்டபின் நெருக்கடி முற்றியது. புதுவையில் தங்கியிருக்கும் அந்நியர்கள் உள்ளூர்க் கௌரவ நீதிபதிகள் ஐவரின் கையொப்பத்துடன் நன்னடத்தைச் சான்று அளிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. பிரிட்டிஷ் அரசைப் பகைத்துக்கொண்டு சுதேசிகளுக்காகக் கையெழுத்திட ஐவர் எங்கே கிடைப்பர்? கலவை சங்கரச் செட்டியார் முயன்று அக்கையொப்பங்களைப் பெற்றுத் தந்தார். 1910 ஏப்ரலில் புதுவைக்கு வந்த அரவிந்தருக்குத் தம் இல்லத்தில் இடந்தந்தவரும் அவரே. அதே ஆண்டின் அக்டோபரில் வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயரும் பின்னர் மனைவி பாக்கியலட்சுமியுடனும் மகள் சுபத்திராவுடனும் அங்கே வாழ்ந்தார். நாடுகடந்தோர் அனைவரும் புதுவை மண்ணில் நீடிக்க அந்த ஐந்து கையெழுத்துகள் துணைசெய்தன. குழந்தைகள் மறுபடியும் ஊர்விட்டு ஊர் இழுபடாமல் இருந்ததும் அவற்றாலேயே.

இவ்வாழ்வை அகத்திலிருந்து கண்டு எழுதியோர் பெரும்பாலும் பெண்கள் என்பது நோக்கத்தக்கது. செல்லம்மாள் கணவரின் சரித்திரத்தைச் சொல்லியிருக்கிறார். தங்கம்மாளும் சகுந்தலாவும் தந்தையைப் பற்றி எழுதினர். மண்டயம் ஸ்ரீநிவாஸாசாரியாரின் மகள் யதுகிரி அம்மாள், சிறுமியாகக் கண்டவற்றை 'பாரதி நினைவுகள்' நூலாக்கினார். இவர்கள் எழுத்தில் அரசியல் மேடை குறைவு. அடுப்படியும் கூடமும் அண்டை வீடும் மிகுதி. உலைக்கு வைத்திருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த கதையை நாம் எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். கவிஞரின் கருணைக்குச் சான்றாக அதைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அன்று அக்குழந்தைகள் உண்டது யார் அளந்த அரிசி என்று கேட்டவர் சிலரே. குருவிக்கு இட்ட கையைப் போற்றும் நாம், அந்த வீட்டுக்கு இட்ட கைகளையும் போற்றக் கடமைப்பட்டுள்ளோம்.

1918 நவம்பரில் பாரதி புதுவையை விட்டுப் புறப்பட்டுக் கடலூர் அருகே கைதானார். விடுதலைக்குப் பின் கடையம் சென்றார். 1919இல் எட்டயபுரம் மன்னருக்கு அவர் சீட்டுக்கவி விடுத்தார், பயனில்லை. விச்சிக்கோனின் அவையில் நிகழ்ந்தது எட்டயபுரத்திலும் நிகழ்ந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே புதுவையின் பத்தாண்டுகள் தனித்து நிற்கின்றன. அங்கே கவிஞரைக் காத்தவர்கள் பரிசில் நல்கும் நிலையில் இருந்த வேந்தர்கள் அல்லர். வீட்டுக்காரர், தோப்புக்காரர், வேலைக்காரி, துணிவுடைய சில நண்பர்கள். தாம் ஒரு மகாகவியைக் காக்கிறோம் என்று அவர்களில் பலர் எண்ணியிருக்க வழியில்லை. 1921இல் அவர் மறைந்த பின்னரே அப்பெயர் நாடெங்கும் ஒலித்தது. அடுத்த வீட்டில் குழந்தைகளோடு ஒரு குடும்பம் துன்பப்படுகிறது என்பதே அவர்களுக்குப் போதிய காரணமாக இருந்தது. தமிழ்ப் புரவலர் வரலாறு எழுதுவோர் பாரி, ஓரி, குமணன் என்று தொடங்கிச் சேதுபதிகள், ஆதீனங்கள் வரை வருவர். விளக்கெண்ணெய்ச் செட்டியாரும் அவ்வரிசையில் இடம்பெற வேண்டும்.

இதைப் பழங்கதையாக எண்ணி நாம் மகிழ்ந்திருக்க இயலாது. கபிலரின் ஊர் என்று நாம் பெருமை பேசும் திருவாதவூரில் ஈழத்தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் இத்தகைய முகாம்கள் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் குழந்தைகளைத் தோளிலிட்டுப் படகேறி இராமேசுவரம் கரையில் இறங்கியவர்கள், மண்டபம் வழியாகத் தமிழகமெங்கும் இத்தகைய முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். 2021இல் இவற்றிற்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயர் மாற்றியது. பெயர் மாறியது நன்று. ஆயினும் மொழி ஒன்றாக இருந்தும் அந்நியராகவே எண்ணப்படும் நிலையைப் பெயர்ப்பலகை மாற்றிவிடாது. வாடகை வீடு தருவதிலும், பள்ளியில் பக்கத்தில் அமர்த்துவதிலும், கடையில் முகம் பார்த்துப் பேசுவதிலும் அது மாறும். அரசாணையால் ஆகாத இவை, ஒரு தெருவால் ஆகக்கூடியவை என்பதைப் புதுவை காட்டியிருக்கிறது.

பத்தாண்டுகள் கூடிக் கவிதை பேசிய நம் வட்டத்து அன்பர்கள், அடுத்த பத்தாண்டில் அந்தச் சாலையில் திருவாதவூர் வரை சென்றுவர வேண்டும் என்பது என் விண்ணப்பம். அம்முகாமின் பிள்ளைகளுள் கவிதை எழுதுவோர் இருக்கக்கூடும். இல்லாவிட்டாலும் குறையில்லை. கவிஞர் என்று அறிந்தா செட்டியார் அந்தக் குடும்பத்துக்கு வீடு கொடுத்தார்?