உபாத்தியாயர் கற்ற பாடம்

பள்ளிக்கூடங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கட்டடங்களை எண்ணுவர். மாணாக்கர் தொகையைக் கூறுவர். சட்டங்களையும் அறிக்கைகளையும் ஆண்டு வரிசையில் அடுக்குவர். புதிய கருவியொன்று வகுப்பறைக்குள் புகுந்த நாளையும் மறவாது குறித்து வைப்பர். ஆனால், அக்கருவியைக் கையாள்வதற்கு உபாத்தியாயர் எங்ஙனம் கற்றார், எவரிடம் கற்றார், கற்பதற்கு அவருக்கு அவகாசம் கொடுத்தவர் யார் என்னும் கேள்விகளுக்கு அந்நூல்களில் விடை காண்பது அரிது. கற்பிக்கும் ஒருவர் தாமே கற்க உட்கார்ந்த காட்சி வரலாற்றாசிரியரின் கண்ணுக்கு அற்பமாகத் தோன்றிற்றுப் போலும்!

2020ஆம் ஆண்டிலே கொரோனா என்னும் கொள்ளைநோய் பரவிப் பள்ளிகள் அடைபட்டபோது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இக்காட்சி ஆயிரக்கணக்கான வீடுகளில் நடந்தேறியது. முப்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பழகியவர்கள் கைப்பேசியின் முன் அமர்ந்து, தங்கள் குரல் பிள்ளைகளுக்குக் கேட்கின்றதா என்று திரும்பத் திரும்ப வினவினார்கள். அவர்களைக் கண்டு நகைத்தவரும் உண்டு; இரங்கியவரும் உண்டு. நாம் கூற விரும்புவது, இந்நிலைக்கு ஆளானவர்களில் அவர்கள் முதல்வரல்லர் என்பதே. அவர்களுக்கு முன்னே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உளது. அதன் தொடக்கத்தை நம் தமிழ்ப் பிள்ளைகள் எழுதிய மணலிலேயே காணலாம்.

ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார் 1787ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்தார். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் மக்களுக்காக அமைந்த அநாதைப் பள்ளியின் மேற்பார்வை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எழுத்துக்களைக் கற்பிப்பதிலேயே காலமெல்லாம் கழிவதைக் கண்டு அவர் சலிப்புற்றிருந்தார். ஒருநாட் காலை குதிரையேறிச் செல்லுகையில் 'மலபார்' பள்ளிக்கூடம் ஒன்று அவர் கண்ணிற் பட்டது. அந்நாளைய ஆங்கிலேயர் தமிழரை அப்பெயரால் அழைப்பது வழக்கம். அங்கே சிறுவர்கள் தரையில் அமர்ந்து, முன்னே பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வருமுன் மணலில் எழுதிப் பழகுவது நம்மவருக்கு நாள்தோறும் கண்டு அலுத்த காட்சி. பெல் துரைக்கோ அது புதையலாயிற்று! பள்ளிக்குத் திரும்பியதும் கீழ்வகுப்பு உபாத்தியாயரை அழைத்து, மணலில் எழுதுவித்துக் கற்பிக்குமாறு பணித்தார். அது நடவாத காரியம் என்று அந்த உபாத்தியாயர் கூறிவிட்டார். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதளவான சிறுவனை அழைத்து, அவ்வகுப்பை அவன் பொறுப்பில் விட்டார். உபாத்தியாயர் நடவாது என்றதைச் சிறுவன் நடத்திக் காட்டினான்.

இவ்வனுபவத்தைப் பெல் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 1811இல் இங்கிலாந்தில் நிறுவப்பெற்ற தேசியக் கல்விச் சங்கம் இம்முறையைத் தன் பள்ளிகளில் மேற்கொண்டது. சென்னை முறை என்ற பெயரோடு அது ஆங்கில நாடெங்கும் பரவிற்று. பெல் புகழ் பெற்றார். சிறுவன் பெயரும் நூலேறிற்று. மணல் பரப்பிய தமிழ் வாத்தியாரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

இக்கதையைக் கூறுவோர் யாவரும் அந்தக் கீழ்வகுப்பு உபாத்தியாயரைப் பிடிவாதக்காரர் என்று ஏசி மேலே செல்வர். நாம் சற்று நின்று அவர் பக்கத்தையும் நோக்குதல் முறையாகும். குதிரையிலிருந்து இறங்கிய மேலதிகாரி ஒருவர், தாம் வழியிற் கண்டதொன்றை உடனே செய் என்கின்றார். செய்யும் வகையை உபாத்தியாயருக்குக் காட்டுவார் யார்? மணலை அவர் தொட்டறியார். தொட்டறிந்த தமிழ் வாத்தியாரிடம் சென்று சில நாள் கற்றுவர அவரை எவரும் அனுப்பியதாகவும் கதை கூறவில்லை. மேலும், சென்னை முறை அவ்வளவு விரைவிற் பரவியதற்குக் காரணம் மணலின் மகிமை மட்டுமன்று. மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்குக் கற்பித்தால், ஓர் உபாத்தியாயரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிப்பிக்கலாம் என்ற கணக்கும் அதனுள் இருந்தது. புதிய கருவி வரும்போதெல்லாம் உபாத்தியாயர் மனத்தில் ஓர் ஐயம் எழுகின்றதென்றால், அது காரணமற்ற ஐயமென்று நாம் எண்ணவில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மலாயாவில் தமிழ்க் கல்வி 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு இலவசப் பள்ளியில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கியது என்பர். தோட்டங்களிலோ, 1912இன் தொழிலாளர் சட்டம் வந்த பின்னரே பள்ளி வைப்பது துரைமார்களின் கடமையாயிற்று. சட்டம் பள்ளியைக் கேட்டதேயன்றிப் பயின்ற உபாத்தியாயரைக் கேட்கவில்லை. ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியும் கிராணியும் வாத்தியாராயினர். சிலேட்டும் பலகையுமே கருவி. பிற்காலத்தில் தொலைக்காட்சி வந்தது: சிங்கப்பூரில் 1967இலும், மலேசியாவில் 1972இலும் கல்வி ஒளிபரப்புத் தொடங்கிற்று. அதனால் உபாத்தியாயருக்குப் பெரிய தொல்லையொன்றும் விளையவில்லை. குறித்த நேரத்தில் பொத்தானைத் திருகுவதோடு அவர் வேலை முடிந்தது.

கணினியின் கதை வேறு. அது உபாத்தியாயரிடம் அவர் மொழியையே கேட்டது. அவர் மொழியோ அதனுள் இல்லை.

தமிழை இயந்திரத்தில் ஏற்றும் முயற்சி நம் பகுதிக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த இரா. முத்தையா, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தவர். 247 எழுத்துக்களைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க அவர் பட்ட பாடு சிறிதன்று. கணினி வந்தபோது அப்பாடு மறுபடியும் தொடங்கிற்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் 'முரசு' என்னும் மென்பொருளை வளர்த்து வந்தார். சிங்கப்பூரில் அப்பணியை மேற்கொண்டவர் ஓர் ஆசிரியர். அவரே நா. கோவிந்தசாமி.

அவர் பொறியியல் படித்தவரல்லர். பள்ளி ஆசிரியராயிருந்து, பின்னர்த் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவிக்கும் விரிவுரையாளரானவர், சிறுகதையாளர். தமிழ்ப் பிள்ளை கணினி முன் அமரும்போது தன் மொழியை வாசலிலே விட்டு வரவேண்டியிருப்பதை அவர் கண்டார். நாற்பது வயதைக் கடந்த பின் கணினி நுட்பத்தைத் தாமே முயன்று கற்று, பொறியாளர் துணையோடு 'கணியன்' என்னும் எழுத்துருவும் விசைப்பலகையும் அமைத்தார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவினரோடு அவர் உழைத்ததன் பயனாக, 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தளத்திலே தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் என்னும் நான்கு மொழிகளும் ஒருங்கே தோன்றின. இணையத்தில் தமிழெழுத்து முதன்முதலாகக் காணப்பட்ட இடங்களுள் அஃது ஒன்று. தமிழின் பெயரால் மேடைதோறும் முழங்குவோர் பலர் அந்நாளில் இருந்தனர். விசைப்பலகையின் முன் உட்கார்ந்தவர் சிலரே.

எனினும் ஓர் இடர் இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு முறையில் எழுத்துக்களை வைத்திருந்தது. வீட்டிலே ஓர் எழுத்துருவில் பாடம் எழுதிய ஆசிரியர் பள்ளியிலே வேறோர் எழுத்துருவில் அதைத் திறந்தால், எழுத்தல்லாத கோலங்களே தோன்றும். இதற்கு முடிவு காண 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடிற்று. கோவிந்தசாமி அதன் உயிர்நாடியாயிருந்தார். 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து 'தமிழ்99' விசைப்பலகை உருவாயிற்று. அவ்வாண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார். வயது 53.

தமிழ்99 விசைப்பலகையைப் பற்றி ஒரு சொல். அதன் இடப்புறம் உயிரெழுத்து, வலப்புறம் மெய். ககரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் 'கா' தோன்றும். ககரத்தை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் என்று நாம் பலகையில் எழுதிக் காட்டிய இலக்கணம் பிள்ளையின் விரல்நுனியிலே நிகழ்கின்றது! வகுப்பறையை அறிந்தவர்கள் கை வைத்த கருவிக்கும் அறியாதவர்கள் செய்த கருவிக்கும் உள்ள வேற்றுமை இதுவே. ஆயினும் நம் ஆசிரியர்களிற் பலர் இவ்விசைப்பலகையைக் கற்கவில்லை. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் பெறும் முறையிலேயே நின்றுவிட்டனர். சோம்பல் என்று இதைக் கூறிவிடலாம். ஆனால் ஆசிரியருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓய்வு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரசாங்கங்களும் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூர் 1997இல் தகவல் நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்தது: 2002க்குள் இரு மாணாக்கருக்கு ஒரு கணினி, பாட நேரத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு அதன் துணையோடு நடைபெற வேண்டும். மலேசியாவில் 2003ஆம் ஆண்டு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டுமென்ற ஆணை வந்தது. அதனோடு மடிக்கணினியும் ஒளிபரப்பியும் குறுந்தட்டும் பள்ளிகளுக்கு வந்தன. தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் நிலையைச் சிந்தித்துப் பாருங்கள். அதுவரை தமிழில் நடத்திய பாடத்தை வேற்று மொழியில் நடத்தவும், அதுவரை தொடாத பொறியை இயக்கவும் ஒரே ஆண்டில் அவர் கற்க வேண்டியதாயிற்று. பத்தாண்டு கழியுமுன்னரே அம்மொழிக் கொள்கை கைவிடப்பட்டது. பொறிகள் பழுதாயின. ஆசிரியர் எஞ்சி நின்றார்.

ஆகவே 2020 வந்தபோது ஆசிரியர்கள் வெறுங்கையினராய் இருந்தனர் என்பது பொருந்தாது. மலேசியாவில் மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிற்று. சிங்கப்பூரில் ஏப்ரல் 8 முதல் எல்லாப் பள்ளிகளும் வீட்டிலிருந்தே பயிலும் முறைக்கு மாறின. அங்கே 2018 முதல் மாணவர் கற்றல் தளம் ஒன்று எல்லாப் பள்ளிகளிலும் இருந்ததால் கையிலே ஏதோ இருந்தது. அப்படியிருந்தும் முதல் வாரத்திலேயே, காணொளி வகுப்பொன்றினுள் அந்நியர் புகுந்து ஆபாசம் காட்ட, கல்வி அமைச்சு 'ஜூம்' செயலியைச் சிலநாள் நிறுத்திவைக்க நேர்ந்தது. வகுப்பறைக் கதவைத் தாழிடவும் ஆசிரியர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது! மலேசியாவில் ஜூன் மாதம் 'டெலிமா' என்னும் தளம் வந்தது. ஆயின் அமைச்சு பெற்றோரிடம் நடத்திய ஆய்விலே, நூற்றுக்கு 36.9 மாணாக்கரிடம் எவ்விதக் கருவியும் இல்லையென்பது வெளிப்பட்டது. கருவியுள்ளோரிலும் பெரும்பாலோர் கையில் இருந்தது கைப்பேசியே.

கைப்பேசியில் தமிழ் எழுத இயன்றதும் தற்செயலன்று. முத்து நெடுமாறனின் 'செல்லினம்' 2005இல் சிங்கப்பூரில் வெளியாயிற்று. அதன் பின்னரே அச்சிறு பெட்டிகள் மெல்ல மெல்லத் தமிழ் பேசத் தொடங்கின. இம்முயற்சிகள் முன்னரே நடந்திராவிடின், 2020இல் நம் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தை ஆங்கில எழுத்திலே படிக்க நேர்ந்திருக்கும்.

பேராக் மாநிலத்தில் நாம் அறிந்த ஆசிரியை ஒருவர் உளர். அப்போது ஓய்வுபெற நான்கு ஆண்டுகளே இருந்தன. முதல் நாள் வகுப்பில் பன்னிரு பிள்ளைகள் தோன்றினர். அனைவர் வீட்டு ஓசையும் ஒருங்கே கேட்டது. அதை அடக்கும் வழி அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், "டீச்சர், கீழே மைக் மாதிரி ஒன்னு இருக்கு, அதைத் தட்டுங்க" என்றான். தட்டினார். ஓசை நின்றது, அவர் குரலும் நின்றது! பிள்ளைகள் சிரித்தனர், அவரும் சிரித்தார். அன்று மாலை அச்சிறுவனைத் தொலைபேசியில் அழைத்து, ஒரு மணி நேரம் அவனிடம் பாடம் கேட்டார். அவன் சொன்னதையெல்லாம் நோட்டில் எண்ணிட்டு எழுதிக்கொண்டார். அந்த நோட்டை நாம் பார்த்திருக்கின்றோம்.

அவ்வகுப்பில் 31 பிள்ளைகள். எஞ்சிய 19 பேருக்காக, பாடத்தாள்களைத் தம் செலவில் அச்சிட்டு, தோட்டத்து வாயிலிலிருந்த மளிகைக் கடையில் வாரந்தோறும் வைத்தார். பெற்றோர் சாமான் வாங்க வரும்போது அதையும் எடுத்துச் சென்றனர். மறுவாரம் எழுதிய தாள் அக்கடையிலேயே அவருக்காகக் காத்திருந்தது. சில தாள்களில் எண்ணெய்க் கறை. 2021 அக்டோபரில் பள்ளிகள் படிப்படியாகத் திறந்தபோது, அத்தாள்களைக் கட்டாகக் கட்டி அவர் வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். இணையவழிப் பாடங்களில் மாணாக்கர் வருகை எத்தனை என்று மேலிடத்திலிருந்து படிவம் வந்தது. தாள் எழுதியோரைக் குறிப்பதற்கு அதில் கட்டம் இல்லை.