பக்கவாதத் தடுப்பும் மறுவாழ்வுச் சிகிச்சையாளரும்

பக்கவாதத்தால் விழுந்த கையையும் காலையும் எழுப்புவதையே தன் பெரும் பணியாகக் கொண்டிருந்த ஒரு தொழில், அந்நோய் வருமுன் காக்கும் வழியை முதியோருக்குப் போதிக்கும் கடமையையும் அமெரிக்காவில் எவ்வாறு ஏற்றது என்பதே இக்கட்டுரையின் விசாரணை. 1917 மார்ச்சில், நியூயார்க் மாநிலத்துக் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில், தொழில்வழிச் சிகிச்சைக்கென ஒரு தேசியச் சங்கத்தைக் கூட்டிய கட்டடக் கலைஞர் ஜார்ஜ் எட்வர்டு பார்ட்டன் தாமே இடப்பக்கம் செயலிழந்து, கைவேலைகளால் தேறியவராதலின், அன்றாடக் காரியங்களே ஔஷதமாகும் என்னும் கொள்கையை அத்தொழிலின் பிறவிக் குணம் எனலாம். எனினும், 1940-களில் லண்டனில் ஓவியர் சைமன் எல்வெஸுக்குச் சிகிச்சை செய்த பெர்ட்டா போபாத் போன்ற பிற்காலத்து நிபுணர்களின் கவனமும் இழந்த இயக்கத்தை மீட்பதிலேயே நிலைத்தது. அவர்களைக் குறை கூறுதல் நியாயமன்று. தடுப்பதற்கான சாதனங்கள் அப்போது வைத்தியரிடமே இல்லை.

1945 ஏப்ரல் 12-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து மாண்டபோது அவருடைய இரத்த அழுத்தம் 300/190 என அளக்கப்பட்டது. உலகப் போரை நடத்திய அவருக்கே உப்பைக் குறைத்து ஓய்வெடுக்கச் சொல்வதற்கு மேல் அதிகம் செய்ய இயலாத காலம் அது. வயது ஏற அழுத்தமும் ஏறுதல் இயற்கையே எனக் கருதிய வைத்தியர் பலர். (நம் வீடுகளில் அந்த நம்பிக்கை இன்னும் சாகவில்லை.) 1948-இல் மாசசூசெட்ஸின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வு, உயர்ந்த அழுத்தத்திற்கும் பக்கவாதத்திற்கும் உள்ள சம்பந்தத்தை நிலைநாட்டியது. இருதயம் சுருங்கும்போதைய அழுத்தம் மட்டும் மிகுந்திருந்த, 60 வயதும் அதற்கு மேலுமான 4,736 பேருக்குச் சிறுநீர் பிரிக்கும் எளிய மருந்தை முதலாகக் கொண்டு சிகிச்சை அளித்துச் சோதித்து, பக்கவாதம் 36 சதவீதம் குறைந்ததென 1991-இல் வெளிவந்த முடிவு முதுமை பற்றிய பழைய வாதத்தை வீழ்த்தியது.

ஆயினும் மாத்திரையை நாள்தோறும் மறவாது விழுங்குவதும், ஊறுகாயை ஒதுக்குவதும், நடப்பதும் வைத்தியரின் சில நிமிஷ உபதேசத்தாலோ துண்டுப் பிரசுரத்தாலோ வந்துவிடுவன அல்ல என்பது என் அபிப்பிராயம். வாரக்கணக்கில் நோயாளியோடு பழகி, சமையலறை, படிக்கட்டு, தூக்கம், சோம்பல் அனைத்தையும் அறிபவர் சிகிச்சையாளரே. பயிற்சிக்கு முன் அவர் பார்க்கும் இரத்த அழுத்தமே அன்றைய பாடத்திற்குத் தோற்றுவாய் ஆகிவிடுகிறது. இத்தகையோர் நோய்த் தடுப்புக்காகச் சமூகத்தினுள் செல்ல வேண்டும் என 1967-லேயே தொழில்வழிச் சிகிச்சையாளர் வில்மா வெஸ்ட் வற்புறுத்தினார். அக்கருத்தை முறைப்படி சோதித்தவர் புளோரன்ஸ் கிளார்க்: லாஸ் ஏஞ்சல்ஸில் 60 வயது கடந்த 361 முதியோரிடையே, வாரம் இரண்டு மணி நேரக் குழுக் கூட்டமும் தனிச் சந்திப்பும் கொண்ட ஒன்பது மாதப் போதனையை அவர் குழுவினர் ஆராய்ந்தனர். சிகிச்சையாளர் வழிநடத்திய கூட்டத்தார் உடல்நலத்திலும் வாழ்க்கைத் திருப்தியிலும் மேம்பட்டனர் என்றும், பொழுதுபோக்குக்கு மட்டும் கூடியவர்களிடம் அப்பயன் காணப்படவில்லை என்றும் 1997-இல் வெளியான முடிவு அறிவித்தது.

அவ்வாய்வு பக்கவாதத்தை எண்ணவில்லை, எண்ணவும் இயலாது. 1991-இன் ஆய்வுக்கு அதைவிடப் பதின்மடங்குக்கு மேற்பட்ட மனிதரும் சராசரி நாலரை ஆண்டுக் கண்காணிப்பும் தேவைப்பட்டன. ஆகவே, எதைப் போதிப்பது என்பதற்கு ஒன்றையும், எவ்விதம் போதிப்பது என்பதற்கு மற்றொன்றையும் பிரமாணமாகக் கொண்டே இன்றைய சிகிச்சையாளர் முதியவரின் முன் அமர்கிறார்.