வலிப்பில் பிடித்தது யார்? ஒரு சொல்லின் கதை

1/
"டியூ கட்டலைன்னு வண்டியை சீஸ் பண்ணிட்டாங்க."
"ஆயில் இல்லாம ஓட்டி இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு."
இந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்காத தமிழர் குறைவு. பிடித்துக்கொள்வது, பறிமுதல் செய்வது, இறுகிப் போவது எல்லாத்துக்கும் இதே சொல்தான். அதன் இன்னொரு வடிவத்தை நாங்க வார்டுல தினமும் சொல்றோம்: சீஷர். அதாவது வலிப்பு.
வண்டியைப் பிடிக்கிறதுக்கும் வலிப்புக்கும் ஏன் ஒரே சொல்? இந்தக் கதையில நம்ம கொல்லிமலைக்கும் ஒரு பங்கு இருக்கு. பொறுமையா படிங்க.

2/
சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. நிலத்தைச் சுவாதீனம் எடுப்பதைக் குறித்த சட்டச் சொல் அது. ஆங்கிலத்துக்கு வந்து 'கைப்பற்றுதல்' ஆச்சு. பிறகு நோய்க்கும் தாவிடுச்சு. உடம்புக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் இருக்க, வேற யாரோ வந்து அதைச் சுவாதீனம் எடுத்துட்டாங்க என்ற எண்ணம்தான் காரணம்.

3/
இது ஆங்கிலேயர் மட்டும் நினைச்சது இல்லை. 'எபிலெப்சி' என்ற கிரேக்கச் சொல்லின் வேரும் 'பிடித்துக்கொள்ளுதல்'தான். வடமொழியில் கிரகம் என்றாலும் பிடிப்பதுதான். கிரகணம், பாணிக்கிரகணம் எல்லாம் அதே வேர்.
தமிழ்ல கேட்கவே வேண்டாம். சளி பிடிக்கும், சுளுக்கு பிடிக்கும், சனி பிடிக்கும், பேய் பிடிக்கும். மனசுக்குப் பிடிச்சவங்களும் பிடிச்சவங்கதான்!

4/
சிக்கல் இங்கேதான். 'பிடிச்சிருக்கு'ன்னு சொன்னா அடுத்த கேள்வி, 'பிடிச்சது யார்?'
நம்ம மரபு அதுக்கு ஒரு பேரே வச்சிருக்கு: முயலகன். நடராசர் காலடியில் கிடக்கும் குள்ள உருவம். வலிப்பு நோய்க்கும் பழந்தமிழில் அதே பேர். வடமொழியில் அபஸ்மாரம், 'நினைவு தப்புதல்' என்று பொருள்.

5/
இப்போ கொல்லிமலைக்கு வருவோம்.
12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் ஒரு தகப்பன் வர்றார். பேர் கொல்லி மழவன். மழநாட்டு மன்னன், பேரிலேயே நம்ம மலை இருக்கு. அவர் மகளுக்கு முயலகன் நோய். என்னென்னவோ வைத்தியம் பார்த்தும் பலன் இல்லை. கடைசியில் திருச்சிக்குப் பக்கத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் திருப்பாச்சிலாச்சிராமம் கோயிலில் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து கிடத்திடுறார். இன்றைய திருவாசி அது.
அங்கே வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாட, பெண் குணமாகி எழுந்தாள் என்கிறது புராணம்.

6/
ஒரு மருத்துவரா எனக்கு இதில் இரண்டு விஷயம் முக்கியம்.
ஒன்று: மன்னன் மகளாகவே இருந்தாலும் அன்னைக்கு வலிப்புக்கு மருந்து இல்லை. எல்லாக் கதவையும் தட்டிய ஒரு அப்பாவின் நிலைமை அது.
இரண்டு: அந்தப் பதிகம் பெண்ணைக் குற்றம் சொல்லலை. அவளை வாட்டுவது உனக்கு அழகா என்று சிவனைத்தான் கேட்குது.
திருவாசி நடராசர் காலடியில் இன்னைக்கும் முயலகன் இல்லை. பாம்பின் மேல் ஆடுகிறார்.

7/
சுமார் 2,400 வருஷத்துக்கு முன்னாடியே கிரேக்க மருத்துவர்கள் வேற மாதிரி யோசிச்சாங்க. ஹிப்போகிரட்டீஸ் மரபில் வந்த ஒரு நூல், வலிப்பு தெய்வம் தந்த நோய் இல்லை, அதன் இடம் மூளை என்று எழுதி வச்சிருக்கு. ஆனா உலகம் அதை ஏத்துக்க ரொம்ப காலம் ஆச்சு.
1870களில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், மூளை நரம்புகள் திடீர்னு அளவுக்கு மீறிக் கிளர்வதுதான் வலிப்பு என்றார். 1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார். இன்னைக்கு நாம எடுக்கும் ஈஈஜி அதுதான்.
வெளியிலிருந்து யாரும் பிடிக்கலை. உள்ளே ஒரு மின் கோளாறு. அவ்வளவுதான்.

8/
மருந்தும் வந்தது. 1912இல் பினோபார்பிட்டால், 1938இல் பெனிட்டாயின். இரண்டும் இன்னைக்கும் பயன்பாட்டில் இருக்கு. அரசு மருத்துவமனையில் வலிப்பு மாத்திரை இலவசம். சரியா கண்டறிஞ்சு மாத்திரை எடுத்தா 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராம வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.
கொல்லி மழவன் நாட்டையே கொடுத்தாலும் கிடைக்காதது, இன்னைக்கு ஒரு ஓபி சீட்டுக்குக் கிடைக்குது.

9/
மருந்து வந்த பிறகும் சட்டம் விடலை. இந்து திருமணச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருபவர் மணமுடிக்கத் தகுதியில்லாதவர் வரிசையில் இருந்தார். 1999இல் செய்த திருத்தம்தான் வலிப்பை அதிலிருந்து நீக்குச்சு.
சட்டம் மாறி 25 வருஷம் தாண்டியாச்சு. ஆனா பொண்ணு பார்க்க வர்றப்போ மாத்திரை அட்டையை ஒளிச்சு வைக்கிற வீடு இன்னும் இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம், தெரிஞ்சிடுமோன்னு பயந்து மாத்திரையையே நிறுத்திடுறாங்க. திடீர்னு நிறுத்தினா வலிப்பு முன்னைவிட மோசமா திரும்பி வரும். உயிரே போகலாம்.

10/
'பிடிச்சிருக்கு'ன்னு நம்புறதால நாமும் திருப்பிப் பிடிக்கிறோம். நாலு பேர் கை காலை அமுக்குறது, கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறது, வாயில் கரண்டி வைக்கிறது எல்லாமே அதுதான்.
பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்தில் தானாவே நின்னுடும். சாவி கொடுத்தப்போ நின்னதால சாவிக்குப் பேர் வந்திடுச்சு.

11/
செய்ய வேண்டியது:
✅ கல், அடுப்பு, தண்ணீர் பக்கத்தில் இருந்தா அப்புறப்படுத்துங்க.
✅ தலைக்கு அடியில் துண்டு வைங்க. சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்க.
✅ துடிப்பு அடங்கியதும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.
✅ மணி பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா, நினைவு வராமலே மறுபடி வந்தா, கர்ப்பிணியா இருந்தா, உடனே 108.
❌ அமுக்கிப் பிடிக்காதீங்க. முழுசா தெளியும் வரை வாயில் தண்ணீர்கூட வேண்டாம்.
முதல் முறை வந்த வலிப்புன்னா, நின்ன பிறகும் கட்டாயம் டாக்டரைப் பாருங்க.

12/
எடப்புளி நாடு மாதிரி மலையூர்ல இருக்கறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. காரவள்ளி இறங்க 70 கொண்டை ஊசி வளைவு. அதனால 5 நிமிஷம் ஆகட்டும்னு காத்திருக்காம முதல்லயே 108க்குச் சொல்லிடுங்க. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வச்சுக்குங்க. மழை பிடிச்சா பஸ் வராது. மாத்திரை இருந்தா கவலை இல்லை.

பிடிக்க வேண்டியது மாத்திரையை மட்டும்தான். வலிப்பு வந்தவரை விட்டுடுங்க.