உதயதாரகை ஆசிரியர் சதாசிவம்பிள்ளை

தெல்தோட்டையைச் சூழ்ந்த மலைச்சாரல்கள் கோப்பிப் பயிரால் நிறைந்திருந்த காலத்தே, 1869 ஆம் ஆண்டில், 'கோப்பி கிருஷிக் கும்மி' என்னும் நூலொன்று வெளிவந்தது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்த ஆபிரகாம் ஜோசப் என்னும் கிறிஸ்தவர் அதன் ஆசிரியராவர். இலங்கைக் கோப்பியை அழித்த இலைநோய் முதன்முதற் கண்டறியப்பட்டதும் அவ்வாண்டிலேயே. பயிரின் சிறப்பைப் பாடும் நூல் வெளிவந்த பொழுதே பயிரின் அழிவுந் தொடங்கிவிட்டது. அஃது ஒருபுறமிருக்க, மலைநாட்டுத் தொழிலைப் பாடிய இந்நூல் அச்சுவாகனம் ஏறியது யாழ்ப்பாணத்திலாகும். அந்நாளில் யாழ்ப்பாணத்து அச்சுத் தொழிலும் பத்திரிகைத் தொழிலும் எந்நிலையில் இருந்தன என்பதையும், அவற்றையே சீவனமாகக் கொண்ட ஒருவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதையும் ஆராய்தல் பயனுடைத்து.

அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்தில் அச்சுக்கூடம் நிறுவ விரும்பி 1820 இல் கரெற் என்னும் அச்சுத் தொழிலாளரை வரவழைத்தனர். அப்பொழுது ஆட்சிபுரிந்த பாண்ஸ் தேசாதிபதி அவர் தங்குதற்கு அநுமதி கொடுத்தாரல்லர். வந்த அச்சியந்திரம் நல்லூரிலிருந்த இங்கிலாந்துத் திருச்சபை மிஷனார் கைக்குப் போயிற்று. 1834 இல் மைனர் என்னும் அச்சாளர் வந்த பின்னரே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் நிலைபெற்றது. ஏழாண்டு கழித்து, 1841 ஆம் ஆண்டு தை மாதம் 7 ஆம் திகதி, தமிழும் ஆங்கிலமும் விரவிய 'உதயதாரகை' தோன்றியது. இதன் முதலாசிரியர்களாகிய ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்போர் பெயரளவில் அந்நியர். பிறப்பால் யாழ்ப்பாணத்துத் தமிழர். பிள்ளைகளின் கல்விக்குப் பொருளுதவிய அமெரிக்கர் விரும்பிய பெயரை அப்பிள்ளைகளுக்கு இடும் வழக்கம் மிஷன் பாடசாலைகளில் இருந்தது. ஆர்னல்ட் என்னும் பெயர் சதாசிவம்பிள்ளையைச் சேர்ந்ததும் அம்மிஷன் வழிவந்ததே.

உதயதாரகை வேதப்பிரசாரத்தோடு நின்றுவிடவில்லை. கல்வி, விஞ்ஞானம், இலக்கியம், பயிர்ச்செய்கை, அரசியல், நாட்டு நடப்பு ஆகியவற்றையும் அது கூறியது. சைவ சமயத்தை அது கண்டித்தெழுதியமை மறைக்கற்பாலதன்று. ஆயினும் சைவர் பலர் அதனை வாசித்தனர், மறுத்தும் எழுதினர். அதே 1841 இல் சைமன் காசிச்செட்டி தனியொருவராய் நின்று தொடங்கிய 'உதயாதித்தன்' நெடுங்காலம் நடைபெறவில்லை. ஒரு பத்திரிகை நிலைபெறுதற்கு ஆசிரியரின் புலமை மட்டும் போதாது. அச்சுக்கூடமும், பாடசாலைகளும், பணமும் பின்னின்று தாங்குதல் வேண்டும். மிஷன் அவற்றையெல்லாம் உடையதாயிருந்தது.

1855 இல் அத்தாங்குகோல் முறிந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த அண்டர்சன் குழுவினர் ஆங்கில உயர்கல்வியிற் பொருள் செலவிடுவதை ஒப்பவில்லை. 1823 முதல் நடைபெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. அச்சுக்கூடமும் மிஷனார் கையைவிட்டுச் சுதேச கிறிஸ்தவர் கைக்கு மாறிற்று. செமினரியிற் கற்ற வல்லுநர் பலர் பிறதுறைகளை நாடினர். அவருட் சிறந்தவர் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை. பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பின்பேரிற் சென்னை சென்று 'தினவர்த்தமானி' ஆசிரியராயிருந்த அவர், 1857 இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர் அரசாங்க உத்தியோகமும், சட்டமும், நீதிபதிப் பதவியும் அவரைத் தேடி வந்தன. சைவத்துக்கு மீண்டு, பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த பெருமை அவருக்கே உரியது. பத்திரிகை அவருக்கு ஏணியின் ஒரு படி.

சதாசிவம்பிள்ளைக்கோ அதுவே வீடாயிற்று. 1820 இல் மானிப்பாய்ப் பகுதியிற் பிறந்து, மிஷன் பாடசாலைகளிற் கற்றுக் கற்பித்த அவர், மிஷன் கைவிட்ட காலத்தை அடுத்து, 1857 இல் உதயதாரகையின் பொறுப்பை ஏற்றார். ஏறக்குறைய நாற்பதாண்டு, தம் இறுதிக்காலம் வரை, அதனை விட்டாரல்லர். ஆசிரியத் தொழிலும் உடன் நடந்தது. 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிய பின் அங்கும் தமிழ் கற்பித்தார். பத்திரிகை ஒன்றையே நம்பி உண்ணல் அக்காலத்தில் அரிது போலும்! இக்காலத்தும் அஃது எளிதென்று கூறுவாரில்லை.

இத்தொழிலில் அவர் கொடுத்த விலை ஒன்றுண்டு. மிஷனார் கொள்கைக்கு உட்பட்டே எழுதவேண்டியவராயிருந்தார். நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, அதன்பின் சொந்த அச்சுக்கூடமும் அமைத்துச் சுதந்திரராய் எழுதியதுபோல அவர் எழுத முடிந்ததில்லை. ஆயினும், இதழ்தோறும் பக்கத்தை நிரப்பும் வேலை அவருக்கு வேறொரு பயிற்சியைத் தந்தது. சிறியதைச் சிறிதாகச் சொல்லல், செய்தி தெரிந்தவரிடத்துக் கேட்டுப் பெறல், ஒருவர் பிறந்த ஊரையும் செய்த காரியத்தையும் சில வரிகளில் அடக்கல் ஆகிய இவை பண்டிதரிடம் பாடங்கேட்டு வருவனவல்ல. பத்திரிகை மேசையிற் கைவருவன.

அப்பயிற்சியின் பயனே 1886 இல் வெளிவந்த 'பாவலர் சரித்திர தீபகம்'. காசிச்செட்டி 1859 இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட 'தமிழ் புளூட்டாக்' ஆங்கிலத்தில் இயன்றது. அதனைத் துணைக்கொண்டும் பெரிதும் விரித்தும், நானூற்றுக்கு மேற்பட்ட புலவரின் வரலாற்றை அகராதி முறையிற் சதாசிவம்பிள்ளை தமிழிலே தந்தார். கன்னபரம்பரைக் கதைகள் சில அதனுள் வரலாறாகப் புகுந்துள்ளன. காலவரையறையிற் பிழைகளும் உள. இருந்தும், ஈழத்துப் புலவரின் வரலாற்றை ஆராய்வோர் அந்நூலைத் தீண்டாது செல்லுதல் இயலாது. தம் சமயத்தாரை மட்டும் எடுத்து மற்றையோரை விடும் குறுகிய நோக்கம் அந்நூலில் இல்லை. சைவப் புலவர் அதனுள்ளே பெருந்தொகையினராய் விளங்குகின்றனர். கண்டனப் பத்திரிகையை நடத்திய கையே மாற்றுச் சமயப் புலவரின் பெயரை மறையாது காத்தமை வியக்கத்தக்கது.

பத்திரிகை என்னும் கருவியின் வலியை மற்றையோரும் விரைவில் உணர்ந்தனர். கத்தோலிக்கர் 1876 இல் 'சத்தியவேத பாதுகாவலன்' தொடங்கினர். மறு ஆண்டு 'இலங்கை நேசன்' சைவர் பக்கம் நின்றது. 1889 இல் சைவபரிபாலன சபையாரின் 'இந்து சாதனம்' தோன்றியது. கண்டியைச் சேர்ந்த நியாயவாதி சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையை ஆரம்பித்தார். ஒருவரை ஒருவர் எதிர்த்த இவர்கள் யாவரும் எளிய வசனநடை ஒன்றைத் தமிழுக்கு ஆக்குவதில் ஒருமித்தே உழைத்தனர் எனலாம்.

பாவலர் சரித்திர தீபகம் வெளிவந்த ஆண்டில், தெல்தோட்டைப் போப்பிட்டியாவிற் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் இருபது வயது இளைஞர். அவர் 1918 வரை வாழ்ந்து பல நூல்களைப் பாடினார். அவரை ஒத்த மலைநாட்டுப் புலவரையும், கும்மி பாடிய ஆபிரகாம் ஜோசப் போன்றோரையும் ஊர் ஊராகக் கேட்டுத் திரட்டி ஒரு நூலில் அகரவரிசைப்படுத்தும் வேலை, சதாசிவம்பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருந்து செய்த அளவுக்கு மலைநாட்டில் இன்னும் நடைபெறவில்லை.