வம்சாவளியில் விடுபட்ட பெயர்கள்

நம் குடும்பங்களில் வம்சாவளி சொல்லும் பெரியவர்கள் வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று நான்கைந்து தலைமுறைகளைத் தடையின்றிச் சொல்வர். உம்மாவின் உம்மா யார், அவருடைய உம்மா யார் என்று கேட்டால் பேச்சு விரைவில் நின்றுவிடும். பழைய அரசுப் பதிவேடுகளைத் தேடுவோர்க்குக் கிடைக்கும் பெரும்பயன், இவ்வாறு விடுபட்ட பெண்களின் பெயர்களே என்பது என் கருத்து.

பெரும்பாலோர் பிறப்புப் பதிவேட்டிலிருந்து தொடங்குகின்றனர். சென்னை மாகாணத்தில் இதற்கான சட்டம் 1899இல் வந்தது. ஊர்ப்புறங்களில் கிராம முன்சீப் பிறப்பு இறப்புகளை எழுதிவந்தார். பழைய ஏடுகளில் பல குழந்தைகளுக்குப் பெயரே இராது. ஆண் அல்லது பெண் என்ற குறிப்பும் பெற்றோர் விவரமும் மட்டும் இருக்கும். ஏழாம் நாள் அகீகாவில் பெயர் சூட்டும் நம்மவர்க்கு இதில் வியப்பில்லை. எனவே தந்தையின் பெயரையும் தெருவையும் கொண்டு தேடுவதே நன்று. அப்பெயரும் முகம்மது, முகமது, மகமது என்று எழுதியவரின் செவிக்கேற்ப மாறியிருக்கும். ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்பன ஓர் ஏட்டில் இருக்கும். மற்றோர் ஏட்டில் இரா.

நிலக் கணக்குகளில் பசலி ஆண்டே காணப்படும். ஹிஜ்ரி எண்ணை அடிப்படையாகக் கொண்டு முகலாயர் காலத்தில் தோன்றிய கணக்கு அது. அறுவடைக்கேற்பச் சூரிய ஆண்டைப் பின்பற்றியதால் ஹிஜ்ரியிலிருந்து விலகிப்போயிற்று. பசலியோடு 590 கூட்டினால், அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1334 என்பது 1924 ஜூலை முதல் 1925 ஜூன் வரை.

உண்மையான புதையல் சார்பதிவாளர் அலுவலகத்தில் உள்ளது. அசையாச் சொத்துக்கான முக்கிய ஆவணங்களைப் பதிவது 1864ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாயிற்று. இன்று நடைமுறையிலுள்ள 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொத்து ஆவணங்களின் நகல்கள் முதலாம் புத்தகத்தில் உள்ளன. எழுதிக்கொடுத்தவர், பெற்றவர் பெயர்களுக்குத் தனி அட்டவணையும் உண்டு. கட்டணம் செலுத்தி எவரும் இவற்றைப் பார்வையிடலாம். தமிழ்நாட்டில் 1975க்குப் பிந்தைய வில்லங்க விவரங்களை இணையத்திலேயே காணலாம். அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும்.

அங்கே முதலில் தேட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் வாரிசுரிமைப் பங்குகளை வரையறுத்துள்ளது. மனைவிக்கும் மகளுக்கும் பங்கு இருப்பதால், முறையாக எழுதப்பட்ட பத்திரத்தில் அவர்கள் பெயரும் இடம்பெற்றாக வேண்டும். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, வயது இவ்வளவு, வசிப்பது இவ்வூர் என்று வரும் வரிகள் வேறெங்கும் கிடைக்காத குடும்ப வரலாறு. பள்ளிவாசலின் நிக்காஹ் தஃப்தரோடு அவற்றை ஒப்பிட்டால் ஐயங்கள் பல தீரும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுண்டு. அங்கே ஒரே வீட்டின் பத்திரங்களைப் பின்தொடர்ந்தால் தாய்வழி தலைமுறை தலைமுறையாகத் தெளிவாகும்.

அதே அட்டவணையில் விடுதலைப் பத்திரங்களும் வரும். சகோதரிகள் தம் பங்கைச் சகோதரர்க்கு விட்டுக்கொடுத்த ஆவணங்கள் அவை. அவற்றைப் புரட்டாமல் கடந்துவிடுவோர் உண்டு. கடக்கலாகாது. பெற்ற தொகை எவ்வளவு, அந்நாளில் அந்நிலத்தின் மதிப்பு எவ்வளவு என்பதை அதே ஆண்டின் அண்டை நில விற்பனைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மனமுவந்து விட்டுக்கொடுத்தவரும் இருப்பர். கேட்க நாவெழாமல் கைநாட்டு வைத்தவரும் இருப்பர். எது நடந்ததென்று பத்திரம் சொல்லாது. அவருடைய மக்களோ பேரரோ பெரும்பாலும் நம் உறவு வட்டத்திலேயே இருப்பார்கள். பத்திரத்தின் நகலோடு அவர்கள் வீட்டுக்குச் சென்று கேட்கலாம்.