பேக்கேஜ் என்னும் பொட்டலம்

போன மாதம் என் பேத்திக்கு பெங்களூரில் முதல் வேலை கிடைத்தது. ஆர்டரை செல்போனில் காட்டி, "தாத்தா, வருஷம் ஆறு லட்சம், மாசம் ஐம்பதாயிரம்!" என்றாள். வீடே சந்தோஷத்தில் இருந்தது. நான் 1974 முதல் 2010 வரை ஒரு தனியார் கம்பெனியில் சம்பளப் பட்டியல் போட்டவன். வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தைக் காட்டச் சொன்னேன்.

அங்கே இருந்தது இதுதான். அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000. கம்பெனி கட்டும் பி.எஃப். வருஷத்துக்கு 21,600. கிராஜுவிட்டி 8,658. இன்சூரன்ஸ் 10,000. வேலையைப் பார்த்துத் தரப்போகும் 'வேரியபிள்' 60,000. இவ்வளவும் அந்த ஆறு லட்சத்துக்குள்ளேயே அடக்கம். இவற்றைக் கழித்து, அவள் பங்கு பி.எஃப். 21,600ஐயும் கழித்தால், கைக்கு வருவது மாதம் சுமார் 39,800. "மிச்சம் எங்கே தாத்தா?" என்றாள். அந்த மிச்சத்துக்கு ஒரு பழைய கதை உண்டு, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பா காலத்தில் சம்பளத்துக்கு பாகங்கள் கிடையாது. கூலி என்றால் கூலி. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் 12 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அதற்கு அடுத்த வருஷம்தான் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அன்றைக்குச் சண்டை நேரத்துக்கும் கூலிக்கும்தான்; வருமான வரியைப் பற்றி மில்காரர்கள் யாரும் கவலைப்பட்டதில்லை.

இந்திய வருமான வரிச் சட்டம் நம் ஊருக்கு வந்ததே 1963 ஏப்ரல் 1ஆம் தேதிதான். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தைக் கொடுத்தார்கள், 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இணைந்தோம், மறு வருஷம் வரி வந்தது. அப்போது எனக்குப் பதினோரு வயது. குருசுக்குப்பத்தில் வலை இழுப்பவருக்கும் மில்லுக்குப் போகிறவருக்கும் அது ஒரு சேதியாகவே எட்டவில்லை. பெரிய கடைக்காரர்கள் மட்டும் முணுமுணுத்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த சமயம் நாட்டில் உச்ச வரி விகிதம் எவ்வளவு தெரியுமா? 1973-74இல் சர்சார்ஜோடு சேர்த்து 97.75 சதவீதம்! மேல் தட்டில் ஒரு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால் இரண்டே கால் காசுதான் மிஞ்சும். வாஞ்சூ குழு இதைக் குறைக்கச் சொன்ன பிறகு, 1974இல் 77 ஆக இறக்கினார்கள். அப்படிப்பட்ட காலத்தில் எந்த முதலாளி மேனேஜருக்கு சம்பள உயர்வு கொடுப்பான்? கார் கொடுப்பான், வீடு கொடுப்பான், கிளப் சந்தா கட்டுவான். பணமாகக் கொடுத்தால் சர்க்காருக்குப் போகும், பொருளாகக் கொடுத்தால் வீட்டுக்குப் போகும். இன்றைய பேக்கேஜுக்கு விதை அங்கேதான் விழுந்தது. அது மேல் தட்டிலிருந்து மெல்ல எங்களைப் போன்ற குமாஸ்தாக்களிடமும் இறங்கிற்று.

எங்களுக்கு வந்தவை சின்னச் சின்னவை. வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் சென்னையில் குடியிருந்தால் சம்பளத்தில் 50 சதவீதம் வரை, புதுச்சேரியில் 40 சதவீதம்தான். இதைச் சொல்லி அலுவலகத்தில் எத்தனை சண்டை! அதே 1974இல் சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு வந்தது, அதிகபட்சம் 3,500 ரூபாய். பில் கேட்காமல் கிடைத்த ஒரே சலுகை அது. பிறகு மருத்துவப் பில்லுக்கு ஒரு விலக்கு வந்தது, கடைசியில் வருஷத்துக்கு 15,000 வரை. மார்ச் மாதம் வந்தால் போதும், அலுவலகமே மருந்துக்கடை போல ஆகிவிடும். தலைவலியே வராத ஆள்கூட கட்டுக்கட்டாய் ரசீது கொண்டுவருவார். அதையெல்லாம் ஒட்டி, கூட்டி, கையெழுத்துப் போட்டவன் நான். எல்லாம் உண்மையான ரசீது என்று இப்போதும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

சாப்பாட்டுக் கூப்பன் இன்னொரு வேடிக்கை. சொடெக்ஸோ என்பது 1966இல் பியேர் பெலோன் மார்செய் துறைமுகத்தில் தொடங்கிய கம்பெனி. நம் ஊர் சொல்தாக்கள் கப்பலில் போய் இறங்கிய அதே மார்செய்! ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 50 ரூபாய் வரை வரியில்லை என்பதால், அந்தக் கூப்பனை வாங்கி மளிகைக் கடையில் பருப்புக்கும் எண்ணெய்க்கும் மாற்றினார்கள் நம் பிள்ளைகள். இப்போது அதற்குப் பெயர் ப்ளக்ஸீ, கூப்பன் போய் அட்டை வந்துவிட்டது.

சர்க்கார் சும்மா இருக்குமா? 2005இல் சிதம்பரம் நிலையான கழிவை எடுத்துவிட்டு, கம்பெனிகள் கொடுக்கும் சலுகைகள் மீதே ஒரு வரி போட்டார். அதற்குப் படிவம் நிரப்பியே எங்களுக்குக் கண் போயிற்று. 2009இல் பிரணாப் முகர்ஜி அதை நீக்கினார். நான் ஓய்வு பெற்ற பிறகு, 2018இல் அருண் ஜெட்லி நிலையான கழிவை 40,000 என்று திரும்பக் கொண்டுவந்தார். கூடவே போக்குவரத்துப்படி விலக்கு 19,200ஐயும் மருத்துவம் 15,000ஐயும் எடுத்துக்கொண்டார். கூட்டிப் பாருங்கள், 34,200 போய் 40,000 வந்தது. கூடுதல் வெறும் 5,800. ஆனாலும் மருந்துக்கடை ரசீது ஒழிந்ததே, அதற்கே கும்பிடு போடலாம்.

2020இல் புதிய வரி முறை வந்தது. விகிதம் குறைவு, ஆனால் வாடகைப்படி, பயணப்படி விலக்கெல்லாம் இல்லை. 2025-26 நிதியாண்டில் அந்த முறையில் 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குகிறவர் வரியே கட்ட வேண்டாம். அப்படியானால் ஆறு லட்சக்காரியான என் பேத்திக்கு அடிப்படைச் சம்பளத்தை 15,000இல் நிறுத்திவைத்து, மற்றதைப் பல படிகளாக வெட்டுவதால் வரியில் என்ன லாபம்? ஒரு பைசா இல்லை. லாபம் கம்பெனிக்குத்தான். பி.எஃப்.புக்குச் சட்டப்படியான உச்சவரம்பும் அதே 15,000 என்பதைக் கவனியுங்கள்.

இதில் எனக்குக் கோபம் வருவது கிராஜுவிட்டி விஷயத்தில். ஐந்து வருஷம் முடிக்காமல் விலகினால், பொதுவாக அந்த 8,658 அவள் கைக்கு வராது. ஆனால் அவள் சம்பளம் என்று வருஷா வருஷம் காட்டுவார்கள். 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புப்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பங்கும் கூலிக் கணக்கில் சேர வேண்டும். அவளுக்கு அந்தக் கூலி 20,800 என்று வைத்துக்கொண்டால், ஐந்து வருஷத்துக்குக் கிராஜுவிட்டி 60,000. 15,000க்குப் போட்டால் 43,269. நான் காகிதத்தில் போட்டுக் காட்டினேன்.

"இதை எல்லாம் கேட்டால் வேலை போயிடாதா தாத்தா?" என்றாள் பயந்துபோய். அவள் அம்மாவும் என்னை முறைத்தாள். கடைசியில் மூன்றே கேள்விகள் எழுதி அனுப்பினோம்: வேரியபிள் போன வருஷம் எத்தனை பேருக்கு முழுசாகக் கிடைத்தது, கிராஜுவிட்டி எந்தத் தொகையை வைத்துக் கணக்கு, புதிய முறையில் வரி பிடிக்கப் படிவம் எப்போது தர வேண்டும்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் தெளிவாக இருந்தன. முதல் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. வாடகைக்கு அறை பார்க்கும்போது மாதம் 39,800ஐ வைத்தே பார்த்தாள், ஐம்பதாயிரத்தை வைத்து அல்ல. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.